ஒரத்தநாட்டில் இறங்கிய குரல்

கல்யாணமான நாலாம் மாதமே என் கணவர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். கப்பல் பழுது பார்க்கும் பட்டறை ஒன்றில் வேலை. ஒரத்தநாட்டுக்குப் பக்கத்துக் கிராமத்தில், அவருடைய அப்பா அம்மாவோடு நான் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரிடமிருந்து போன் வரும். போன் கூடத்தில், டிவிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் மேல் இருந்தது. முதலில் மாமா பேசுவார். பிறகு அத்தை. சில வாரம் பக்கத்து வீட்டுச் சித்தப்பாவும் வந்து இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார். கடைசியாக ரிசீவர் என் கைக்கு வரும்போது எல்லோரும் அங்கேயேதான் உட்கார்ந்திருப்பார்கள்.

“சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன். நீங்க?”

“ஆச்சு. உடம்பு பரவால்லையா?”

“பரவால்ல.”

அவ்வளவுதான் எங்கள் பேச்சு. கேட்க நினைத்ததும் சொல்ல நினைத்ததும் எல்லாம், கொல்லையில் பாத்திரம் விளக்கும்போதுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வரும். அடுத்த ஞாயிறு சொல்லலாம் என்று வைத்திருப்பேன். அடுத்த ஞாயிறும் கூடத்தில் அதே ஆட்கள் இருப்பார்கள்.

அவை காவிரியில் தண்ணீர் வராத வருஷங்கள். ஜூன் மாதம் மேட்டூர் திறக்கவில்லை, குறுவை கிடையாது. சம்பாவையாவது பார்த்துவிடலாம் என்று விதைத்தவர்களும் பாதியில் கருகவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆட்சி மாறினால்தான் தண்ணீர் வரும் என்று டீக்கடையில் ஒரு கரைவேட்டி சொல்லும். மாறியதால்தான் வரவில்லை என்று இன்னொரு கரைவேட்டி சொல்லும். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவராவது மலேசியா, சிங்கப்பூர், துபாய் என்று கிளம்பியிருந்தார்கள். என் கணவரும் அப்படிக் கிளம்பியவர்தான்.

ஒரு ஞாயிறு ரிசீவர் என்னிடம் வந்ததும் அவர், “பேப்பரும் பேனாவும் எடுத்துக்க” என்றார். தினசரி காலண்டரில் கிழித்த தாளைத் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

“என் ரூம்ல இருக்கிறவர் கம்ப்யூட்டர் கம்பெனில வேலை பாக்குறார். அங்க பழகிப் பாக்குறதுக்குன்னு ஒரு மெஷின் இருக்காம். அதுல எனக்கு ஒரு ஃபோல்டர் போட்டுக் குடுத்திருக்கார். நான் பேசி அதுல வெக்கிறேன். நீ ஒரத்தநாட்டுல போயி எடுத்துக் கேளு. நீயும் பேசி அதுலயே வையி. எஃப்டிபின்னு பேரு, தெரியுமா?”

“படிச்சிருக்கேன்” என்றேன்.

உண்மைதான். பி.காம். முடித்த கையோடு தஞ்சாவூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்திருந்தேன். அங்கே இன்டர்நெட் பாடம் உண்டு, இன்டர்நெட் கிடையாது. ஓப்பன், யூசர், புட், கெட், பை என்று எஃப்டிபி கட்டளைகளைப் பலகையில் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். கருப்புத் திரையில் வரிசையாக அடித்துப் பார்ப்போம். தொடர்பு இல்லை என்று திரை சொல்லும். அந்தக் கட்டளைகளைப் பரீட்சையிலும் எழுதி நல்ல மார்க் வாங்கியிருந்தேன்.

அவர் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, நான் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டேன். முகவரி, யூசர் பெயர், பாஸ்வேர்டு, எந்த ஃபோல்டர், எல்லாம். அதுவரை நாங்கள் போனில் அவ்வளவு நேரம் பேசியதே இல்லை. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அத்தை நிமிர்ந்து பார்த்தார்.

“என்னம்மா, பரீட்சை எதும் எழுதப் போறியா?”

நான் விஷயத்தைச் சொன்னேன். “அதான் போன்லயே பேசுறானே” என்றார் அத்தை. மாமா பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், “போயிட்டு வரட்டும்” என்றார். புதன்கிழமை மதியம் பஸ் ஏறுவது அப்படித்தான் ஆரம்பித்தது.

ஒரத்தநாட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த பிரவுசிங் சென்டரில், கல்லூரிப் பையன்கள்தான் கூட்டமாக இருப்பார்கள். முன்னால் எஸ்டிடி பூத் வைத்திருந்த ஒருவர் அதை நடத்தினார். நடுத்தர வயது, காதில் எப்போதும் பேனா. நான் கருப்புத் திரை வேண்டும் என்றதும் அவருக்கு ஆச்சரியம்.

“டாஸா? அத யாரும் இங்க கேட்டதில்லையேம்மா. மெயிலுன்னா நானே போட்டுத் தர்றேன்.”

“இல்லண்ணே, நானே பாத்துக்கறேன்.”

பிளைவுட் தடுப்புக்குள் உட்கார்ந்து ஓப்பன் என்று அடித்து முகவரியை அடித்தேன். மோடம் இழுத்து இழுத்துக் கத்திவிட்டு அடங்கியிருந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு திரையில், யார் நீ என்று கேட்கிற வரி வந்தது. தஞ்சாவூர் சென்டரில் பலகையில் மட்டுமே பார்த்த வரி அது. யூசர் பெயரைக் கொடுத்தேன். பாஸ்வேர்டு அடிக்கும்போது திரையில் எதுவுமே தெரியாது. அது அவருடைய அம்மா பெயரும் என் பெயரும் சேர்ந்த ஒரு சொல். உள்ளே விட்டது. எல்எஸ் என்று அடித்தேன். ஃபோல்டரில் இருப்பதையெல்லாம் காட்டும் கட்டளை. ஒரே ஒரு ஃபைல் இருந்தது. அதன் பெயர் என் பெயர்.

கெட் என்று அடித்து அதை இறக்கத் தொடங்கினேன். அதற்கு முன்னால் ஹாஷ் என்று ஒரு கட்டளை கொடுத்துவிட்டால், ஃபைல் துண்டு துண்டாக வந்து சேரச் சேர, குறுக்கும் நெடுக்கும் கோடு போட்ட சின்னக் கட்டம் ஒவ்வொன்றாகத் திரையில் விழும். சில நேரம் வேகமாக விழும். சில நேரம் நின்றுவிடும். கட்டங்கள் வரிவரியாக நிறைந்து, முடிந்தது என்று திரை சொன்ன பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

“நாந்தான்” என்றார் அவர். என் இரண்டு காதுக்கும் நடுவில், தலைக்குள்ளிருந்து பேசுவது போல இருந்தது. “மேல் கட்டில்ல படுத்துட்டுப் பேசுறேன். எல்லாரும் வேலைக்குப் போயிட்டாங்க. இன்னிக்கி ஒண்ணு நடந்துச்சு. உன் மூக்குத்தி எந்தப் பக்கம்னு திடீர்னு மறந்துபோச்சு. பயந்துட்டேன். போட்டோ எடுத்துப் பாத்திருக்கலாம், பாக்கல. நீயே சொல்லு, கேட்டுக்கறேன்.”

நான் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். பிறகு மைக்கைக் கிட்டே இழுத்து, தடுப்புக்கு அந்தப் பக்கம் கேட்டுவிடாமல், “வலப்பக்கம்” என்றேன். வேறு என்ன பேசினேன் என்று நினைவில்லை. ஃபேன் சத்தமும் சேர்ந்து பதிவாகிறது என்று தெரிந்ததும், சென்டர்காரர் தானாகவே வந்து ஃபேனை நிறுத்திவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ஒவ்வொரு புதனும் நான் மைக்கைத் தொட்டாலே ஃபேன் நின்றுவிடும். வியர்வையைத் துடைத்துக்கொண்டே கல்லூரிப் பையன்கள் முணுமுணுப்பார்கள். சென்டர்காரர் வாய்க்கு என் கட்டளைகள் எல்லாம் தின்பண்டமாகிவிட்டன. “என்னம்மா, புட்டு வெச்சாச்சா?” என்பார்.

புட் என்றால் அனுப்புவது, கெட் என்றால் எடுப்பது. அந்த ஃபோல்டரில் இடம் கொஞ்சம்தான் இருந்தது. அதனால் எடுத்ததும் டெலீட் செய்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்தது வைக்க இடம் இருக்காது. எனக்கு அந்தக் கட்டளை மட்டும் கைக்கு வராது. ஃபைலை ஃபிளாப்பியில் ஏற்றியிருப்பேன், கடையிலேயே இரண்டு முறை கேட்டிருப்பேன், ஆனாலும் சர்வரிலிருந்து அதை அழிக்கும்போது அவரை ஒரு இடத்திலிருந்து எழுப்பிவிடுவது போல இருக்கும். எல்லாம் முடிந்து பை என்று அடித்தால் சர்வர் குட்பை என்று பதில் சொல்லிவிட்டுப் போகும். அது மெஷின் சொல்வது என்று தெரியும். இருந்தும் அந்த வரி வந்த பிறகு உடனே எழுந்திருக்க மாட்டேன்.

அந்த வருஷம் தாமதமாகவாவது தண்ணீர் திறந்தார்கள். புது ஆறு என்று நாங்கள் சொல்லும் கல்லணைக் கால்வாயிலிருந்து எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்த அன்று தெருவே கரையில் நின்றது. சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு, பழுப்பாக, மெல்ல நடந்து வருவது போலத்தான் வந்தது. நான் வீட்டு டேப் ரெக்கார்டரைக் கொண்டுபோய் மதகுக்குப் பக்கத்தில் வைத்து அந்தச் சத்தத்தைப் பிடித்தேன். புதன்கிழமை அதைக் கடையில் மைக்குக்குப் பக்கத்தில் ஓடவிட்டுப் பதிவு செய்து அனுப்பினேன். அந்த அவசரத்தில் பைனரி என்ற கட்டளையைக் கொடுக்காமல் விட்டிருக்கிறேன். அதைக் கொடுக்காவிட்டால் எழுத்தை அனுப்புவது போலக் குரலையும் அனுப்பிவிடும். போய்ச் சேர்வது வேறு ஏதோவாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை போனில் அவர், “தண்ணி வரல. வெறும் இரைச்சல்தான் வந்துச்சு” என்றார்.

நான் அதைத் திருப்பிச் சொன்னதும் மாமா திடுக்கிட்டு, “நல்லாத்தான வருது? காத்தால கூடப் பாத்துட்டு வந்தேனே” என்றார். அன்றைக்கு அந்தக் கூடத்தில் நானும் மாமாவும் அத்தையும் சிரித்தோம். போனுக்குள் அவரும் சிரித்தார். மறுபடி அனுப்பிய தண்ணீர் சரியாகப் போய்ச் சேர்ந்தது. தினமும் வேலைக்குக் கிளம்பும்முன் கேட்கிறேன் என்று அடுத்த ஃபைலில் சொன்னார்.

அந்தச் சிரிப்பெல்லாம் நிலத்துக் கேஸ் பெரிதாகும்வரைதான். மாமா சாகுபடி செய்த நிலம் எங்களுடையது இல்லை. கும்பகோணத்துக் குடும்பம் ஒன்றின் நிலம். மாமாவின் அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்குக் குத்தகை. குத்தகைக்காரர் பெயரைச் சர்க்காரில் பதிந்துகொள்ளலாம் என்று சட்டம் வந்தபோது மாமா தாலுகா ஆபீசுக்கு அலைந்து பதிந்து வைத்திருந்தார். அதனால் அவரை நிலத்தைவிட்டு அவ்வளவு சுலபத்தில் எழுப்ப முடியாது. நிலத்துப் பெரியவர் இறந்ததும் மெட்ராசில் இருந்த மகன்கள் விற்றுவிட நினைத்தார்கள். தஞ்சாவூர் வருவாய்க் கோர்ட்டில் வழக்கு நடந்தது. ஒருநாள் அவர்களுடைய காரியஸ்தர் வீட்டுக்கே வந்து, பாதி நிலத்தை மாமா விட்டுவிட்டால் மீதிப் பாதியை மாமா பேருக்கே எழுதிக் கொடுக்கச் சம்மதம் என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் பக்கம் பல வழக்குகள் அப்படித்தான் ராஜியில் முடிந்தன.

மாமா அன்று சரியாகச் சாப்பிடவில்லை. புதன்கிழமை நான் கிளம்பும்போது அவரும் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

“அவன்ட்ட நானும் பேசணும். போன்ல வேணாம். உங்க அத்தை அழுவா.”

கடையில் அவரைத் தடுப்புக்குள் உட்கார வைத்து மைக்கைக் கையில் கொடுத்தேன். ஃபேன் நின்றது. மாமா தொண்டையைச் செருமினார்.

“தம்பி, அப்பா பேசுறேன்.” நிறுத்தி என்னைப் பார்த்தார். “கேக்குறானா?”

“இப்ப இல்ல மாமா. நாளைக்கிக் கேப்பாங்க.”

“அப்ப நாளைக்கிப் பேசுறேன்.”

அவரை மறுபடி உட்கார வைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கடைசியில் மைக்கைப் பார்க்காமல், தடுப்புச் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். ராஜிப் பேச்சை முழுதும் சொன்னார். பிறகு, “நீ திரும்பி வந்து வெவசாயம் பண்ணுவேன்னா நான் கடைசி வரைக்கும் கேஸ் நடத்துறேன். குத்தகையா முழுசும் நம்ம கையிலயே நிக்கும். பண்ணமாட்டேன்னா சொல்லிடு. பாதிக்கு ஒத்துக்கறேன். எனக்காகச் சொல்லாத. ஒனக்கு எப்படித் தோணுதோ அப்படிச் சொல்லு” என்றார்.

பைனரி கொடுத்தேனா என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டு புட் அடித்தேன். கட்டங்கள் விழத் தொடங்கின. மாமா ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். வருவேன் என்று என் கணவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வந்துவிடுவார். நிலத்தைப் பற்றி மாமா கேட்ட கேள்வி எனக்கு வேறு கேள்வியாக இருந்தது. அந்த ஃபைலோடு கூட என் குரலில் எதையும் நான் அனுப்பவில்லை. வாங்க என்று சொல்லிவிடுவேனோ என்று பயம்.

அதற்குப் பிறகு புதன் வரை காத்திருக்க முடியவில்லை. மறுநாளே ஏதோ காரணம் சொல்லிப் பஸ் ஏறினேன். எல்எஸ் அடித்தேன். மாமாவின் ஃபைலை என் கணவர் எடுத்து அழித்திருந்தார். ஃபோல்டர் காலியாக இருந்தது. அதற்கு மறுநாளும் காலி. காலியான ஃபோல்டரில் எல்எஸ் அடித்தால் பெயர் எதுவும் வராது. முடிந்தது என்று மட்டும் வரும். அதையே மறுபடி மறுபடி அடித்துக்கொண்டிருப்பேன். ஞாயிறு போனிலும் அவர் வழக்கம்போலச் சாப்பிட்டியா என்றுதான் கேட்டார். “அந்த விஷயம்?” என்று மட்டும் கேட்டேன். “அனுப்புறேன்” என்றார்.

வந்தபோது இரண்டு ஃபைல்கள் வந்தன. ஒன்று மாமாவுக்கு, ஒன்று எனக்கு. மாமாவுக்கு வந்ததை நான் தனியாகக் கேட்கவில்லை. ஃபிளாப்பியில் ஏற்றிக்கொண்டு போய், மறுநாள் அவரை அழைத்து வந்து ஹெட்போனை அவர் காதில் மாட்டினேன். மாமா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்த பிறகும் ஹெட்போனைக் கழற்றவில்லை.

“ஒத்துக்கச் சொல்றான்” என்றார். பிறகு, “கொரல் எளச்சுப்போச்சு. சாப்புடுறானா இல்லையா?” என்றார்.

பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வயலைப் பார்த்துக்கொண்டே வந்தார். அந்த மாதத்திலேயே ராஜியில் கையெழுத்துப் போட்டார். வாய்க்காலை ஒட்டிய பாதி எங்களுக்கு வந்தது, ரோட்டை ஒட்டிய பாதி அவர்களுக்குப் போனது.

எனக்கு வந்த ஃபைலில் முதலில் யாரோ பக்கத்தில் துணி துவைக்கும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னார்: “நீ எதச் சொல்லணும்னு நெனச்சு உட்கார்ந்திருப்பேன்னு எனக்குத் தெரியும். நான் வந்துட்டா தண்ணி வராத வருஷம் நாம என்ன பண்ணுவோம்? அப்பாவப் பாத்தேல்ல. எனக்கு அந்த தைரியம் இல்ல. இத ஒம் மொகத்தப் பாத்துச் சொல்லியிருக்க மாட்டேன். இப்பிடின்னாத்தான் சொல்ல முடியுது.”

அதைக் கேட்டுவிட்டு நான் அழவில்லை. கோபமும் வரவில்லை. இப்படி ஒருவர் என்னிடம் பேசியது இல்லை, அதுதான் தோன்றியது. இன்னொரு முறை கேட்டேன். பிறகு டெலீட் அடித்தேன்.

அந்தப் போக்குவரத்து அதற்கடுத்த வருஷத்தில் நின்றது. ஒரு புதன் பாஸ்வேர்டு கொடுத்தபோது சர்வர் ஏற்கவில்லை. எழுத்துப் பிசகு என்று நினைத்து மெல்ல மெல்ல அடித்துப் பார்த்தேன். உள்ளே விடவில்லை. ரூம்காரர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார், மெஷினையும் எடுத்துவிட்டார்களாம். ஞாயிறு போனில் என் கணவர் சொன்னார். “இனிமே செல்போன் வாங்கி அனுப்புறேன், அதுலயே பேசிக்கலாம்” என்றார். செல்போன் வந்தது. தினமும் பேசினோம். தனியாக, கொல்லையில் நின்றுகூடப் பேசினேன். ஆனால் ஹலோ என்றதும் எதிரில் ஆள் இருப்பது தெரிந்துவிடும். சாப்பிட்டியா என்று அவர் கேட்பார். சாப்பிட்டேன் என்பேன். ஃபிளாப்பிகள் ஒரு மழைக்காலத்தில் பூசணம் பிடித்து எந்த மெஷினிலும் ஓடாமல் போயின.

பல வருஷம் கழித்து அவர் ஒரேயடியாகத் திரும்பி வந்தார். மாமா அப்போது இல்லை. வாய்க்காலை ஒட்டிய பாதி நிலத்தில் இவரே சாகுபடி செய்கிறார், போர் போட்டிருக்கிறோம். நல்ல மனுஷர். எனக்கு ஒரு குறையும் வைத்ததில்லை. ஆனால் பேச மாட்டார். எதிரில் உட்கார்ந்து சாப்பிடும்போது குழம்பு நன்றாக இருக்கிறது என்பதைக்கூடத் தட்டைப் பார்த்துத்தான் சொல்வார். மேல் கட்டிலில் படுத்துக்கொண்டு பேசிய அந்த ஆளை நான் எங்கே போய்த் தேடுவது? வீட்டுக்குள்ளேயே இருக்கிறவருக்காக ஏங்குகிறேன் என்று யாரிடம் சொல்ல முடியும்?

ஒருமுறை அவரிடமே கேட்டேன். “அப்பல்லாம் எவ்வளவு பேசுவீங்க.”

“அப்ப நீ எதிர்ல இல்ல” என்றார். சங்கடமாகச் சிரித்தார். “இருந்தா வார்த்த வர மாட்டேங்குது. நான் என்ன பண்றது?”

போன சம்பா அறுப்புக்கு முன்னால் ஒரு சாயங்காலம், கதிர் எப்படி வந்திருக்கிறது பார் என்று என்னையும் வயலுக்கு அழைத்துப் போனார். வரப்பு ஒரு ஆள் நடக்கிற அகலம்தான். அவர் முன்னால் போனார், நான் பின்னால் போனேன். பாதி தூரம் போயிருப்போம். திரும்பிப் பார்க்காமல், நடந்துகொண்டே பேச ஆரம்பித்தார். சிங்கப்பூரில் முதல் மாதம் யாருக்கும் தெரியாமல் அழுததைச் சொன்னார். அப்பா செத்ததுக்கு வர முடியாமல் போனது இன்னும் நெஞ்சில் இருக்கிறது என்றார். நான் அன்றைக்கு உடுத்தியிருந்த புடவையின் நிறம் தனக்குப் பிடித்திருக்கிறது என்று, கதிரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நான் அவருடைய முதுகைப் பார்த்தபடி, கால் வழுக்காமல் நடந்தேன். வரப்பு முடிந்து ரோட்டில் ஏறி நான் பக்கத்தில் வந்ததும் பேச்சு நின்றுவிட்டது.

இப்போது சாயங்காலம் அவர் வயலுக்குக் கிளம்பினால் நானும் கிளம்பிவிடுகிறேன். “நீ எதுக்கு, சேறா கெடக்கு” என்கிறார். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் நடக்கிறேன். சில நாள் பேசுவார். சில நாள் எலி வளையைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா நடப்பார். ரோடு வருவதற்கு முன்னால் நான் கொஞ்சம் மெதுவாக நடக்கிறேன். அவரும் அதற்கு ஏற்றாற்போல மெதுவாகத்தான் நடக்கிறார்.